சோதனை நாள் முகமூடி

பெரிய அதிகாரியாகிவிட்ட மகனுக்கு,

நேற்று எங்கள் பட்டறைக்குச் சோதனைக்கு வந்தாயே, கோட்டு உனக்கு எடுப்பாகத்தான் இருந்தது. நாற்காலிக் கால் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம், அந்த வெளிநாட்டுக் கடைக்காரர் முன்னால், "இங்க உங்களுக்கு ஏதாவது குறை இருக்காம்மா?" என்று யாரையோ கேட்பதுபோல் கேட்டாய்.

"ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன். உன் பிழைப்பில் நான் மண் போடுவேனா?

உடனே 'நேர்மையான தயாரிப்பு' என்று சீட்டு ஒட்டச் சொல்லிவிட்டாய். அதைப் பார்த்துத்தான் வாங்குகிறவர்கள் மனம் குளிர்ந்து உட்காருவார்களாம். நன்றாக உட்காரட்டும்.

என் இருமலுக்கு இனி மருந்து அனுப்பாதே.

முகமூடி போட்டிருந்ததால் அம்மாவை அடையாளம் தெரியவில்லை என்று உன் மனைவியிடம் சொல்லியிருப்பாய். மரத்தூள் மூக்கில் ஏறாமலிருக்க அதைக் கொடுத்ததே நீ வருகிறாய் என்றுதான். உன் கார் வாசலைத் தாண்டியதும் மேஸ்திரி எல்லாருடையதையும் கழற்றி வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை சொல்லாமல் வா. என் முகம் நன்றாகவே தெரியும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற தொழிலாளி