மணியத்தை ஆற்றங்கரையில் விட்டது

லாசால்
8 அக்டோபர் 2024

அன்பின் அத்தானுக்கு,

பிரிட்ஜில் மீன்குழம்பு இருக்கிறது, சூடாக்காமல் சாப்பிட வேண்டாம். உங்களுக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. கண்டு கதைக்க வந்தாலும் நான் அழுது குழப்பிவிடுகிறேன். அதனால்தான் இதை மேசையில் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

அம்மா ஊரிலிருந்து போன் எடுத்தார். சாத்திரியாரிடம் நம் இருவரின் குறிப்பையும் காட்டினாராம். நாகதோஷமாம். "பாம்பை அடைச்சு வைச்சிருக்கிற வீட்டிலை பிள்ளை எப்பிடியடி தங்கும்? திறந்து விடச் சொல்லு" என்று அழுகிறார்.

இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டார்கள். இதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. நம்பாமல் இருக்கவும் தைரியம் இல்லை. நீங்கள் வளர்க்கும் மணியம் பெட்டிக்குள் சீறும்போதெல்லாம் வயிற்றைக் கையால் பொத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
அஜந்தா

9 அக்டோபர்

அன்புள்ள அஜந்தாவுக்கு,

குழம்பு நல்ல உறைப்பு. சாத்திரியார் நினைத்தது நல்லபாம்பை. மணியம் புல் ஸ்னேக், அமெரிக்கச் சமவெளிப் பாம்பு. விஷம் ஒரு துளியும் இல்லை. குக்கர் போல இரைவதும் வாலை உதறுவதும் வெறும் வாய்ச்சவடால், உம்முடைய சித்தப்பாவைப் போல.

இந்த நகருக்கு வந்து தனியே ஓர் அறையில் கிடந்த காலத்தில், வேலை முடிந்து வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்க எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. யாரிலும் பிழையில்லை என்று டாக்டர் சொன்னபோது நீரும் பக்கத்தில்தான் இருந்தீர். பழியை அந்த வாயில்லாச் சீவன் தலையில் கட்டாதேயும்.

ஆனாலும் நீர் பயந்து பயந்து இருக்க வேண்டாம். புரோசார்ட்டில் என் சிநேகிதன் ஜெனாட் இரண்டு பைன் ஸ்னேக் வளர்க்கிறான். சனிக்கிழமை அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். அதுவரை பெட்டியின் சூட்டு விளக்கை மட்டும் அணைக்காதேயும்.

உம்முடைய
வினோஜன்

11 அக்டோபர், வெள்ளி

அத்தான்,

கோபிக்க வேண்டாம். ஜெனாட்டிடம் கொடுத்தால் அது இன்னொரு வீட்டில் அடைபடும், அவ்வளவுதானே. தோஷம் நம்மோடுதான் நிற்கும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, நீங்கள் செய்வதுபோலவே தலையணை உறைக்குள் விட்டு முடிந்து, பஸ்ஸில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனேன். கல்லுக்குப் பக்கத்தில் பால் வைத்தேன். "எங்களை மன்னிச்சு, பிள்ளையைத் தந்திட்டுப் போ அப்பு" என்று கும்பிட்டேன். உறையைத் திறந்தும் அது போகவில்லை. என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் இன்றுதான் அதைத் தொட்டேன். மெல்லக் கழற்றிக் கல்லிடுக்கில் விட்டேன்.

இவ்வளவு அவசரம் ஏனென்றால், நான் மறுபடியும் முழுகாமல் இருக்கிறேன். கண் பட்டுவிடும் என்று உங்களுக்கும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையாவது நமக்குத் தங்க வேண்டும்.

அஜந்தா

14 அக்டோபர்

அஜந்தா,

உமது கடைசி வரிகளை வாசித்துவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் குந்திவிட்டேன். சந்தோஷம்தான். அதே நேரம் உம்மைப் பிடித்து ஏசவும் வேண்டும் போலிருந்தது.

மணியம் பெட்டிக்குள் பொரித்து, பெட்டிக்குள் வளர்ந்தது. இந்த ஊர்க் குளிருக்கு எங்கே ஒளிவதென்று அதற்குத் தெரியாது. ஜெனாட்டும் நானும் கரையில் கல்லுக் கல்லாகப் புரட்டிப் பார்த்தோம். நீர் வைத்த பால் அப்படியே இருந்தது. பாம்பு பால் குடிக்காது, அஜந்தா. நேற்றுக் காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. இனித் தேடிப் பயனில்லை என்று வந்துவிட்டோம்.

ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம். இப்போதைக்கு என்னால் மன்னிக்க முடியவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நீர் நேரத்துக்குச் சாப்பிடும். கார்டெரி வேலையில் நீர் பராமரிக்கும் பிள்ளைகளைத் தூக்காதேயும்.

வினோஜன்

2 நவம்பர்

அன்பின் அத்தானுக்கு,

பிள்ளை தங்கவில்லை. நீங்கள் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் தொடங்கிவிட்டது. என்னோடு வேலை செய்கிற நிரோஜாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், திரும்பவும் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். உங்களைக் கூப்பிட வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அம்மா எடுத்தார். இன்னொரு பரிகாரம் இருக்கிறதாம். என்னவென்று கேட்காமல் போனை வைத்துவிட்டேன்.

டாக்டர் முன்பு சொன்னதையேதான் சொன்னார், யாரிலும் பிழையில்லை என்று. இந்த முறைதான் அது என் காதில் ஏறியது. மணியத்திலும் பிழையில்லை. அதைக் குளிரில் விட்டது மட்டும் நான்.

காலையில் வந்ததும் என்னை எழுப்புங்கள். மேசையில் எதுவும் எழுதி வைக்க வேண்டாம். ஏசுவதென்றாலும் பக்கத்தில் இருந்து ஏசுங்கள்.

அஜந்தா