சரடோகா பூங்காவில் உன் பெயர்

பார்சிப்பனி
ஞாயிறு

அன்புள்ள கயல் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி சபரி மூவரும் நலம். அமெரிக்காவின் அந்தக் கோடியில், மில்பிடாஸில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் இருக்க அந்தச் சென்னிமலையானை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் நலத்தில் பாதியை மட்டும் நம்பு, மீதியை இப்போது சொல்கிறேன். அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிற வியாதி என்று டாக்டர் சொன்னதைச் சபரி உனக்குப் போனில் சொன்னானாம், வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே, டிசம்பர் லீவுல வர்றேன் என்றாயாம்.

நேற்றுச் சபரி எங்களைச் சரடோகா ஸ்பிரிங்ஸ் கூட்டிப்போனான். ஊற்றுத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று அந்தக் காலத்திலிருந்தே ஜனங்கள் தேடி வருகிற ஊர். நடுவில் பழைய பூங்கா, குளம், வாத்து, கல் சிலைகள், ஊற்றுக்கு மேலே மண்டபம். அப்பா ஒரு கை குடித்துவிட்டு, சோடாவுல உப்பைக் கொட்டிட்டானுங்க என்றார், சரியாகத்தான் சொன்னார். சபரி கார் எடுக்கப் போனான், நான் பாட்டிலில் தண்ணீர் பிடித்து மூடித் திரும்புவதற்குள் மனுஷனைக் காணோம்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, நீ பிறந்ததிலிருந்து உன் பெயரைச் சொல்லித்தானே அவரைக் கூப்பிடுவேன், அதனால் கயலு, கயலு என்றே கத்திக்கொண்டு ஓடினேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் குழந்தை தொலைந்துவிட்டது என்று நினைத்து அவளும் கயல் என்று கூப்பிட ஆரம்பித்தாள், அங்கே இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எவ்வளவு உயரம் என்று கையால் கேட்டாள், நான் என் தலைக்கு மேலே காட்டினேன், அவள் முழித்தாள். இனி வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது என்று முதல் தடவையாகக் குமாரசாமி என்று கத்திவிட்டேன். பக்கத்துப் புதருக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார், அந்தப் பெயருக்கு அவர் வரவில்லை. அந்த அம்மாள் மறுபடி கயல் என்றதும்தான் வெளியே வந்து சுற்றிமுற்றிப் பார்த்தார். கயல் அம்மிணி வந்துருச்சா, எங்கே என்று கேட்டார். கார்ல வந்துட்டிருக்குங்க என்றேன், வேறு என்ன சொல்ல. வீடு வரும்வரை எதிரே வருகிற காரையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், நல்லா இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. டிசம்பர் வரை தள்ளிப்போடாதே கண்ணு. அவர் பெயரே அவரை விட்டுப் போய்விட்டது, உன் பெயர் இன்னும் இருக்கிறது. அது இருக்கும்போதே வந்துவிடு.

உன் அம்மா
நாகரத்தினம்