இடப்பக்கம் நீட்டிய தட்டு

மார்ச் 6, 2025, வியாழன்

திருச்சி சாலைக் கல்லூரியொன்றில் தேர்வுப் பணி முடித்துத் திரும்பும்போது, அய்யலூரில் ஒரு கிடாய் என் பைக்கில் வந்து விழுந்தது. சந்தை நாள். கயிறு போடாமல் விடுகிறார்கள். கேட்டால் வியாபாரி என்மேல் பாய்கிறான்: "யோவ், கண்ணு பொடதியிலயா இருக்கு? கயித்தப் புடிச்சுக்கிட்டுத்தான்யா நிக்கிறேன்!"

கணிதத்தில் முதுகலை, இருபத்தாறு வருடம் கல்லூரி ஆசிரியர். ஆடுகளுக்கு நடுவே நின்று வசவு வாங்கினேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. கிடாய்க்கு ஒன்றுமில்லை.

மார்ச் 8, சனி

மலர்விழி விடவில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கண் மருத்துவமனைக்குப் போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தேன். ஆனாலும் இடக்கண்ணில் அழுத்தம் அதிகம் என்கிறார் டாக்டர். பக்கப் பார்வையைச் சோதிக்கத் திங்கட்கிழமை வரவேண்டுமாம்.

வாசலில் மணிமாறன். எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். கண்டுகொள்ளாமல் போனான். "உங்களப் பாத்துக் கையத் தூக்குனாருங்க" என்கிறாள் மலர்விழி. நான் பார்க்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தமிழ்மதிக்கு ஆண் குழந்தையாம். தம்பி சிவபிரகாஷின் மகள். அவள் கல்யாணத்துக்கே நான் போகவில்லை. வெற்றிலை பாக்கோடு பத்திரிகைத் தட்டை அண்ணன் கையில் கொடுக்க வேண்டியவன், மேசையில் வைத்துவிட்டு ஒரு சொல் இல்லாமல் வெளியேறினான். இரண்டு வருடமாகப் பேசவில்லை. இன்னும் இருபது வருடம் ஆகட்டும்.

மார்ச் 10, திங்கள்

ஒரு கண்ணை மூடிவிட்டு, ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் ஒளி மின்னினால் பொத்தானை அமுக்க வேண்டும். வலக்கண்ணுக்குச் சமாளித்தேன். இடக்கண்ணுக்கு நெடுநேரம் எதுவுமே மின்னவில்லை. ஆனால் இயந்திரம் ஒவ்வொரு முறையும் 'டிக்' என்றது. அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டேன். டிக், அமுக்கு. டிக், அமுக்கு.

பரிசோதனை செய்த பெண் ஹுஸ்னா. பேகம்பூர்க்காரி. நடுவில் நிறுத்தினாள்.

"சார், லைட்டே வராதப்பவும் அமுக்குறீங்க."

"வந்தது."

"சத்தம் மட்டுந்தான் சார் வந்துச்சு. அது சும்மா வரும். இங்க பாஸ் மார்க்கெல்லாம் கெடையாது. தெரியலன்னா தெரியலன்னு விட்ருங்க."

எத்தனை பையன்களைக் காப்பியடித்ததற்காக எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன்! மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை ஒழுங்காக. பொத்தானின் மேல் விரல் சும்மாவே கிடந்தது.

மார்ச் 11, செவ்வாய்

கண் நீர் அழுத்த நோய். இடக்கண்ணின் சோதனைப் படத்தில் நடுவில் ஒரு சின்ன வெளுப்பு, மற்றதெல்லாம் கறுப்பு; கறுப்பென்றால் பார்வை போன இடம். வலக்கண்ணிலும் மூக்குப் பக்கம், அதாவது இடப்பக்கம், கறுக்கத் தொடங்கிவிட்டது. போனது திரும்பாது; இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

"பல வருஷமா இருந்திருக்கும். ரத்த சொந்தத்துல வரும் சார், வலியே இருக்காது. கூடப் பொறந்தவங்க இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. இருக்காங்களா?" என்றார் டாக்டர்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

மருந்து விட்டேன். எரிகிறது. விடுவேன்.

மார்ச் 14, வெள்ளி

கணக்கென்றால் சரிபார்க்க வேண்டும். நாற்காலியில் நேரே பார்த்து உட்கார்ந்து, மலர்விழியை ஒரு தட்டோடு இடப்பக்கம் வரச் சொன்னேன். "எப்ப வருவ?" என்று கேட்டேன்.

"வந்து செத்த நேரமாச்சு. நீட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

திரும்பினேன். தோளுக்குப் பக்கத்தில் தட்டு.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "பத்திரிகை வெக்க வந்த அன்னைக்கும் உங்க தம்பி இப்படித்தாங்க நின்னாரு. நீங்க அந்தப் பக்கமா போன்ல பேசிக்கிட்டே இருந்தீங்க. வேணும்னே வாங்கலன்னு நெனச்சேன்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே. மணிமாறன் சார் கையத் தூக்குனத நம்பாத மாதிரியே, அதையும் பொய்யின்னீங்க."

அப்படியானால் வேறு எத்தனை பேர்? எழுதப் பயமாக இருக்கிறது. எல்லோரும் நல்லவர்கள் என்று ஆகிவிடாது. நாற்காலி எனக்கு வரவேண்டியதுதான். ஆனால் தம்பி—

அவனுக்கு ஐம்பது வயது. தினமும் லாரி ஓட்டிக்கொண்டு கேரளா போகிறான்.

மார்ச் 16, ஞாயிறு

ஒட்டன்சத்திரம் போனேன், பஸ்ஸில். காய்கறிச் சந்தையில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. மன்னிப்பெல்லாம் எனக்குச் சொல்ல வராது. கண் படத்தை நீட்டினேன்.

"இந்தக் கறுப்புக்குள்ளதாண்டா நீ தட்டோட நின்னிருக்க."

வாங்கிப் பார்த்தான். "கைவலிக்க நின்னேண்ணே. எம்பொண்டாட்டி முன்னாடி" என்றான். இது ரத்த சொந்தத்தில் வரும், நீயும் வந்து கண்ணைக் காட்டு என்றேன். அவன் சொன்னான்: "எனக்கு ஒண்ணுமில்ல. லோடு இருக்கு, அடுத்த மாசம் பாக்கலாம்."

"எனக்கும் ஒண்ணுமில்லன்னுதான்டா நெனச்சேன். சனிக்கெழம நீ வரல, நான் வந்து இந்த லாரி முன்னாடி படுத்துக்குவேன்."

"நீ செய்யிற ஆளுதான்" என்றான்.

மார்ச் 22, சனி

வந்தான். அவனுக்கும் அழுத்தம் அதிகம். படத்தில் மட்டும் இன்னும் கறுப்பு விழவில்லை. சரியான நேரத்துக்கு வந்திருக்கிறார் என்றார் டாக்டர். "கூடப் பொறந்தவங்க இல்லன்னீங்களே சார்?" என்றும் கேட்டார்.

மருந்துச் சீட்டுக்குக் காத்திருந்தபோது சிவபிரகாஷ் இரண்டு டீ வாங்கி வந்தான். என் இடப்பக்கம் உட்காரப் போனவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன்.