வி-க்குப் பக்கத்தில் பி

இன்று ஆபீஸ் பலகையில் புத்தாண்டு விருந்துக்கு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நடுவில் பெரிய ஆங்கில எழுத்தில் 'ரெவல்ரி'. நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. மேலே படிக்க முடியாமல் என் மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஜாலான் புசார் கடைவீட்டு மாடியில் ஒரே அறையில் இருந்தோமே, அப்போது உனக்கு ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் தேடும் பைத்தியம். "ரெவல்ரின்னா கும்மாளம். லத்தீன்ல அது கலகம்டா! பிரெஞ்சுக்காரன் வாயில பூந்து, 'பி' தேஞ்சு 'வி' ஆயிடுச்சு. ரெபெலும் ரெவலும் ஒரு வயித்துப் பிள்ளைங்க லா" என்பாய். முதலில் உன் கல்யாண வேலையைப் பார் என்று நான் கத்துவேன்.

அந்தக் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி வைக்கத்தான் போலீசுக்கு மனு எழுதினோம். 'பாட்டும் கும்மாளமும்' என்பதற்கு உனக்குப் பிடித்த அந்தச் சொல்லையே போடச் சொன்னாய். நான் தட்டச்சு செய்தேன். விசைப்பலகையில் 'வி'யும் 'பி'யும் அடுத்தடுத்து இருக்கும். விரல் நழுவி 'ரெபெல்ரி' என்று விழுந்தது. நீ படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாய்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலச் சட்டம் இருந்த நாள். கலகம் என்று கண்டால் விடுவார்களா? உன்னை அழைத்தார்கள், நானும் கூட வந்தேன்.

"யார் டைப் பண்ணது?" என்றார் அதிகாரி.

நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "நான்தான் சார்" என்றாய் நீ. அதோடு நிறுத்தினாயா, பாவி? "ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான் சார்" என்று லத்தீனை வேறு இழுத்தாய். ஐந்து நாள் உள்ளே வைத்தார்கள். முகூர்த்தமும் அதற்குள் கடந்துவிட்டது.

நீ உள்ளே இருந்தபோது பெண்ணின் அப்பா என்னைத் தேடி வந்தார். "தம்பி, உண்மையச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்குக் கட்சி கிட்சின்னு ஏதாச்சும் உண்டா?" தட்டியது நான், வெறும் எழுத்துப்பிழை என்று சொல்லியிருந்தால் போதும். என் வேலை போய்விடுமோ என்ற பயத்தில், "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அவளை ஈப்போவில் கட்டிக்கொடுத்துவிட்டார். அதன்பின் நீ வேறு பெண்ணே பார்க்கவில்லை.

என் விரல் செய்த பிழையை நீ சிரித்தே தள்ளிவிட்டாய். அவர் வந்து போனதை மட்டும் நான் உன்னிடம் சொல்லவே இல்லை.

உன் கடைசி நாள்களில், ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லத்தான் வந்தேன். அதற்குள் நீயே ஆரம்பித்தாய்: "அவ அப்பா ஒரு தடவ உன்கிட்ட வந்து கேட்டிருந்தா போதும்டா. நீ எல்லாத்தையும் சொல்லியிருப்பே."

உன் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கேட்டார்டா. அவர் வந்து கேட்டார்.