படகு நிழலில் ஒரு பகல் தூக்கம்

என்னங்க,

இன்றைக்குக் காலையில் படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையில் கூலன்ட் வாடை. இரும்பு கடையும்போது மெஷினில் ஊற்றுவார்களே, அந்தப் பால் நிறத் தண்ணீர். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாமல், உங்களைத் திட்டிக்கொண்டே நான் துவைத்த வாடை. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன். வெயிலில் திரும்பி நடந்து வரும்போது, நாம் மகாபலிபுரம் போன நாள்தான் மனசு முழுக்க.

சுனாமிக்கு முந்தின வருஷம் அது. மகளுக்கு ஐந்து வயது. அருப்புக்கோட்டையை விட்டு இங்கே வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. நீங்கள் ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்டில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். ராத்திரி வாரம் வந்தால் பகலெல்லாம் பிள்ளையைச் சத்தமில்லாமல் விளையாட வைப்பதே எனக்கு வேலை. பேச ஒரு நாதி கிடையாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், பிள்ளையோடு ஊருக்கே போகிறேன், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்கிறேன், நீங்கள் மெஷினோடு குடும்பம் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். வாய்ப்பேச்சு இல்லை. வியாழக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொல்லி அண்ணனுக்குப் போனே போட்டுவிட்டேன். வீட்டுக்கார அம்மா வந்து, "இன்னாம்மா இது, நீ போயிட்டா அந்த மனுசன் சோத்துக்கு இன்னா பண்ணுவாரு?" என்று கேட்டதற்கு, கேன்டீனில் தின்னட்டும் என்றேன். அப்படியொரு கோபம்.

நீங்கள் சண்டை போடவில்லை. "செவ்வாக்கெழம எனக்கு லீவு. மூணு பேரும் கடலுக்குப் போவோம். பிள்ளைக்கு லைட் ஹவுஸ் ஏறிக் காட்டுவோம். அதுக்கப்புறமும் போகணும்னா போ புள்ள" என்று மட்டும் சொன்னீர்கள்.

செவ்வாய் லீவுதான். ஆனால் திங்கட்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிவதே செவ்வாய் காலையில்தானே! அது உங்களுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. ஷிப்ட் போகிற வீட்டில்தான் இந்தக் கூத்தெல்லாம் நடக்கும். காலை ஏழு மணிக்குக் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றீர்கள். நான் புளிசாதம் கட்டி, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தயாராக உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் தூங்கிவிட்டுப் போகலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீம்பு, கேட்கவில்லை. பஸ்ஸில் தூங்கிக்கொள்கிறேன் என்றீர்கள். தாம்பரத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் இடம் கிடைத்தது. வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றீர்கள்.

லைட் ஹவுஸ் கேட் பூட்டியிருந்தது. இப்போதெல்லாம் மேலே யாரையும் விடுவதில்லை என்று காவல்காரர் சொன்னதும் உங்கள் முகம் செத்துப்போனது. சரி, கீழேயிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கடற்கரைக்கு வந்தோம். கரையேற்றியிருந்த படகின் நிழலில் உட்கார்ந்து, "அஞ்சே நிமிசம், கண்ண மட்டும் மூடிக்கிறேன்" என்றீர்கள். அவ்வளவுதான், அடித்துப் போட்ட மாதிரி தூக்கம்.

பத்து நிமிஷம் பொறுத்தேன். ஒரு மணி நேரம் பொறுத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனோடு இன்னும் இரண்டே நாள் என்று மனசுக்குள் கருவிக்கொண்டுதான் பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன். அப்போது மாங்காய் விற்கிற அம்மா ஒருத்தி கூடையோடு வந்து நின்று உங்களைப் பார்த்தாள். "இன்னாம்மா, பட்டப்பகல்லயே ஊத்திக்கினு வந்துட்டாரா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல். "வாய அடக்கிப் பேசுங்கம்மா. விடிய விடிய நின்னு வேலை பார்த்துட்டு, எங்களுக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்காரு."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது எனக்கே கேட்டது. எங்களுக்காக. அதை உங்களிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அந்த அம்மா கூடையை இறக்கினாள். நிழல் நகர்ந்து உங்கள் முகத்தில் வெயில் விழுந்திருந்தது. தன் சாக்கை எடுத்துப் படகு விளிம்பில் தொங்கவிட்டு, இரண்டு மாங்காய்த் துண்டைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம்தான் உங்களை ஒழுங்காகப் பார்த்தேன். தூக்கத்தில் உங்கள் வலது கை அசைந்துகொண்டிருந்தது. எதையோ எடுக்கும், மாட்டும், கட்டைவிரலால் அமுக்கும். மறுபடி எடுக்கும். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து மகள் ஒவ்வொரு கிளிஞ்சலாகக் கையில் வைத்தாள். ஒவ்வொன்றையும் நீங்கள் பத்திரமாக மணலில் பொருத்தி அமுக்கினீர்கள். அவள் சிரித்தாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நாலு மணிக்கு விழித்தீர்கள். விழித்ததும் சூரியனைத்தான் தேடினீர்கள். "எழுப்பியிருக்கக் கூடாதா புள்ள? நாளே போச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். பிறகு மெதுவாக, "வியாழக்கெழம எத்தன மணிக்கு வண்டி?" என்று கேட்டீர்கள்.

"வியாழக்கிழமை உங்களுக்கு என்ன ஷிப்டு?" என்றேன்.

"லீவு முடிஞ்சு நாளையிலேர்ந்து காலை ஷிப்டு."

"அப்ப நாலரைக்கே எந்திரிச்சு சோறாக்கணும்ல?"

உங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, பேன்ட்டோடு முழங்கால் வரைக்கும் கடலுக்குள் இறங்கிவிட்டீர்கள். திரும்பும்போது தாம்பரத்தில் டெலிபோன் பூத்திலிருந்து அண்ணனுக்குப் பேசி, வர வேண்டாம் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து நீங்கள் தூங்கினால் நான் எழுப்பியதில்லை. இருபது வருஷம், குக்கர் விசில் கேட்டாலே ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். போன வருஷம் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். கடைசி மத்தியானம் நர்ஸ் வந்து, மகள் வந்துகொண்டிருக்கிறாள், அதுவரைக்கும் பேச்சுக் கொடுத்து முழிக்க வைக்கிறீர்களா என்று கேட்டார். இப்போதுதான் கண்ணசந்தார், கொஞ்சம் தூங்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மகள் வந்தபோது நீங்கள் இல்லை. அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் தினமும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். எழுப்பியிருந்தால் அவளிடம் ஒரு வார்த்தையாவது பேசியிருப்பீர்கள்.

அந்த ஒரு வார்த்தை எங்கள் இரண்டு பேருக்குமே இல்லாமல் போனது. ஆனாலும் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அதே மத்தியானம் மறுபடி வந்தாலும் எனக்கு எழுப்ப மனசு வராது. தூங்குங்கள்.