கனிஷ்காவின் கார்டுக்கு நான் எழுதிக் கொடுத்த சாட்சி

லா ஷப்பேல், பாரிஸ்
தவக்காலம், நான்காம் ஞாயிறு

அன்பு மகன் மத்தியூவுக்கு அம்மா மர்கரீத் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் கனடா மோன்ரேயால் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் தினமும் உனக்கென்று பத்து மணி தனியாகச் சொல்கிறேன். உடம்பைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது. மற்றது எதுவும் இங்கே நலமாக இல்லை.

போனில் சொன்னால் போதாதா என்று நினைப்பாய். உன் பெண்டாட்டி கனிஷ்காவின் பெயர் என் வாயில் வந்ததும் நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் கிழித்துப் போடலாம்தான், ஆனால் பாதியாவது படித்த பிறகுதான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. பிரெஞ்சில் எழுதினால் உனக்குச் சுலபம். எனக்கு அந்த பாஷையில் விண்ணப்பம் எழுத வரும், பிள்ளையைத் திட்ட வராது. புதுச்சேரியில் நான்காம் வகுப்பு வரைக்கும் படித்த தமிழ் அதற்குள் போயிருக்காது, நிதானமாக எழுத்துக் கூட்டிப் படி. வீட்டு லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது, நாலு மாடியும் காய்கறிப் பையோடு ஏறுகிறேன், முழங்கால் தன் பாட்டைப் பாடுகிறது. உன் பெரியப்பா இஞ்ஞாசிக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, லெ பிளாங்-மெனிலிலிருந்து தனியாக ரயிலேறி வந்து என் குழம்பில் மிதக்கிற எண்ணெயைக் குறை சொல்கிற அளவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது. மளிகைக்கடை ஷிரோமி ஒவ்வொரு தடவையும், அக்கா, உங்கடை மோன் எப்ப வாறார் என்று கேட்கிறாள். பாஸ்கா பண்டிகைக்கு வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் பிறந்ததும் வெளிநாட்டாருக்குக் கார்டு கொடுக்கிற பிரெஃபெக்த்யூர் ஆபீசிலிருந்து கனிஷ்கா பெயருக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழவில்லை என்று தகவல் கிடைத்திருக்கிறது, ஆகவே பிரெஞ்சுக் குடிமகனின் மனைவி என்ற முறையில் உங்களுக்குக் கொடுத்த வசிப்புக் கார்டைத் திரும்பப் பெற உத்தேசித்திருக்கிறோம், சொல்ல வேண்டியது இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள் என்று இருந்தது. தகவல் கொடுத்தது யார் என்று அதில் போடவில்லை. கண்டுபிடிக்க எனக்கு ஜோசியமும் தேவைப்படவில்லை. உன்னிடம் கேட்டதற்கு, ஆமாம், நான்தான் எழுதினேன், அது என் உரிமை என்றாய். ஒரு வருத்தமும் இல்லாமல், வீட்டில் வாடகைக்கு இருந்தவரைக் காலி செய்யச் சொன்ன மாதிரி சொன்னாய். நீ அவளை எங்களிடம் விட்டுவிட்டு விமானம் ஏறிப் போய் எட்டு மாதம் ஆகிறது. சேர்ந்து வாழாமல் போனது யார் என்று அந்த ஆபீசில் யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது.

அந்தப் பெண் இந்த நாட்டுக்கு உன்னை நம்பி வரவில்லை, மத்தியூ. திருவண்ணாமலையிலிருந்து படிக்க வந்தவள். முதலில் மாணவர் கார்டு, படிப்பு முடிந்ததும் வேலை தேடுவதற்கென்று ஒரு வருடக் கார்டு. அதிலேயே வேலை பிடித்து வேலைக் கார்டுக்கு மாறியிருப்பாள், அதற்குள் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் உங்கள் கல்யாணம் பதிவானது. அப்போது இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து பெருமையாகச் சொன்னோம், பிரெஞ்சுக்காரன் பெண்டாட்டிக்கு எதற்கு இந்த அலைச்சல், மனைவி கார்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரு என்று. இங்கே கார்டு என்பதெல்லாம் யாரோ ஒருத்தர் பிடித்திருக்கிற கயிறு என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. மாணவர் கார்டு கல்லூரி கையில், வேலைக் கார்டு முதலாளி கையில், மனைவி கார்டு புருஷன் கையில். ஷிரோமி மாதிரி அகதியாக வந்து பத்து வருடக் கார்டு வாங்கினவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் உண்டு, ஆனால் அவளால் சொந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பாட்டன் காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த நமக்கு இதெல்லாம் தெரியாமலே ஆயுசு போய்விட்டது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆனால் கனிஷ்காவும் பத்து வருடக் கார்டு கேட்கலாமாம். ஜூனில் மூன்று வருடம் முடிகிறது. நீ ஜனவரியில் எழுதினாய். கணக்கு உனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும்.

தபாலைப் பார்த்துவிட்டு ஷிரோமிதான், உதுக்கெண்டு இஞ்சை ஒரு சங்கம் இருக்கு அக்கா, பொம்பிளையள்தான் நடத்தினம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று விலாசம் கொடுத்தாள். போனோம். ஆன்-சோஃபி என்று ஒரு வக்கீல், உன் வயதுதான் இருக்கும். கணவன் பிரிந்து போனால் கார்டும் போகும், அதுதான் பொதுவான சட்டம் என்றாள். பிறகு கனிஷ்கா பக்கம் குனிந்து, அவர் உங்களை அடித்ததுண்டா என்று கேட்டாள். அடித்ததால் பிரிந்தது என்று காட்ட முடிந்தால் கார்டைப் பிடுங்கக் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறதாம். கனிஷ்கா என் பக்கம் திரும்பினாள். ஒரு தடவை கேட்டது காதில் விழவில்லையோ என்று ஆன்-சோஃபி இன்னொரு தடவை கேட்டாள். அப்போதும் கனிஷ்கா என் முகத்தைத்தான் பார்த்தாள். நீ அங்கே இல்லை, இருந்திருந்தால் அந்தப் பார்வையை நீயும் பார்த்திருப்பாய். அடித்தான், நான் பார்த்தேன் என்று சொன்னது நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. பூசை முடிந்து வந்து அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன் என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். உன்னைக் கேட்காமல் சொன்னாள், குற்றம் அவ்வளவுதான். முதல் அடியில் சுவரோடு சாய்ந்தாள். அடுத்த அடி இடது காதில். அதோடும் நீ நிறுத்தவில்லை, இறால் கையோடு நான் நடுவில் வந்து நின்றதால் நின்றது. காதிலிருந்து ரத்தம் இறங்கி அவள் கழுத்துச் சங்கிலியில் பட்டது. அப்பா அடுத்த அறையில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார். டாக்டரிடம் போகலாம் என்றேன், நீ மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி வந்து கொடுத்தாய். மறு வாரம் பெரியப்பா வந்தார். நம் ஆட்களுக்குத்தான் இதற்கென்று ஒரு முறை இருக்கிறதே, பெரியவர் ஒருத்தர் நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும். போலீசு கீலீசுன்னு போனா குடும்ப மானம் போயிடும், வெள்ளைக்காரன் சிரிப்பான், தம்பி நீ மன்னிப்பு கேளு, பாப்பா நீ மறந்துடு, வேலைக்கு அப்புறம் போயிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். நீ மன்னிப்பு கேட்டாய், அவள் தலையாட்டினாள், எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். பெரியப்பா தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு கடைசி ரயிலைப் பிடித்தார். அவளுக்கு வந்த வேலை வேறு யாருக்கோ போனது.

ஆன்-சோஃபி கேட்டது எல்லாம் அதனால் இல்லாமல் போய்விட்டது. போலீசில் புகார் இருக்கிறதா என்றாள், இல்லை. அன்றைக்கு டாக்டர் கொடுத்த சான்றிதழ், இல்லை. ஒரு போட்டோ, அதுவும் இல்லை. பிறகு என்னதான் செய்தீர்கள் என்று கேட்டாள். பேசித் தீர்த்தோம் என்று பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன், எனக்கே கேவலமாக இருந்தது. மறுநாள் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். செவிப்பறை பழைய காயத்தில் கிழிந்து ஆறியிருக்கிறது, இடது காதில் பாதிக்கு மேல் கேட்காது என்று எழுதிக் கொடுத்தார். எப்படிக் கிழிந்தது என்று அவரால் எழுத முடியவில்லை, அவர் பார்க்கவில்லையே. காது போனதைச் சொல்ல டாக்டர் இருக்கிறார், யாரால் போனது என்று சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

கனிஷ்கா என்னை எழுதித் தரச் சொல்லிக் கேட்கவே இல்லை. நீ நம்ப மாட்டாய், ஆனால் அதுதான் உண்மை. ஊரிலிருந்து கொண்டு வந்த பெட்டியை இறக்கித் துணியை அடுக்க ஆரம்பித்தாள். நான் ஊருக்கே போயிடுறேன் அத்தை, உங்க புள்ளைக்கும் எனக்கும் நடுவுல நீங்க நிக்க வேணாம் என்றாள். கல்யாணத்தை எதிர்த்த அவள் அப்பாவிடம் போய் என்ன சொல்வாள், அரைக் காதோடு எந்த வேலைக்குப் போவாள் என்று கேட்டேன், அடுத்த துணியை மடித்து உள்ளே வைத்தாள். கார்டு போனால் இந்த நாட்டை விட்டு வெளியேறு என்று உத்தரவு வரும், பிறகு திரும்பி வருவதும் லேசில்லை. ஆறு வருடம் படித்ததும் உழைத்ததும் எல்லாம் அந்த ஒரு பெட்டியில் அடங்கிவிடும்.

புதன்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். முழுவதும் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும், பொய்ச் சாட்சிக்குத் தண்டனை உண்டு என்று எனக்குத் தெரியும் என்றும் எழுத வேண்டும், அடையாள அட்டையின் நகலும் வைக்க வேண்டும். சம்பந்தப்பட்டவருக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கேள்வி இருந்தது. தாய் என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பெற்ற வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, அது பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே எரிகிறது. நீ பால் குடித்தது, மஞ்சள் காமாலையில் கிடந்தது, கோயிலில் முதல் நன்மை வாங்கினபோது வெள்ளைச் சட்டையில் சாக்லேட்டை ஈஷிக்கொண்டது எல்லாம் வந்து நின்றது. அதை எல்லாம் எழுத அந்தத் தாளில் இடம் இல்லை, நான் கண்ணால் கண்டதை மட்டும்தான் கேட்டிருந்தார்கள். அழுதுகொண்டே எழுதி முடித்தேன். இன்னொரு சாட்சி இருந்தால் பலம் என்று ஆன்-சோஃபி சொன்னதால் அப்பாவையும் கேட்டேன். நான் டி.வி. பாத்துக்கிட்டிருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது என்றார். கடைசித் தீர்வை நாளிலும் ஆண்டவரிடம் இதையேதான் சொல்வார். பெத்த புள்ளையக் காட்டிக் குடுக்கிறியே, நீ யூதாசு என்றும் சொன்னார், அதுவும் தவக்காலத்தில். யூதாஸ் முத்தம் கொடுத்துப் பொய்யாக நடித்தான், நான் நடந்ததை எழுதினேன் என்றேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் நேரத்துக்கு வந்து உட்காருகிறார்.

வியாழக்கிழமை ஆன்-சோஃபி எல்லாத் தாளையும் சேர்த்து பிரெஃபெக்த்யூரில் கொடுத்துவிட்டாள். போதுமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அடித்தவனின் தாயே எழுதியிருப்பதால் கொஞ்சம் மதிப்பார்கள் என்று நம்புகிறாள், ஆனால் புகார் இல்லாதது பெரிய ஓட்டை என்றும் சொன்னாள். என் தாள் போலீசு வரைக்கும் போகலாம், நீ இங்கே வந்தால் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று எனக்கு முன்பே சொல்லித்தான் வாங்கிக்கொண்டாள். கனிஷ்கா புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் விருப்பம், பெரியப்பா மறுபடியும் வந்து நடுவில் உட்கார நான் கதவைத் திறக்க மாட்டேன். உன் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், சாவியும் அவளிடம் இருக்கிறது. இதை ஊரார் வாயால் நீ கேட்கக் கூடாது, என் வாயால்தான் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நாங்கள் சேர்ந்துதான் இருக்கிறோம் என்று நீ இப்போது மாற்றி எழுதி அனுப்பிவிடாதே, அது இன்னொரு பொய், அவளை மறுபடியும் உன் கையில் கொண்டுவந்து வைக்கும். நீயும் அங்கே ஒரு முதலாளி கொடுத்த வேலைப் பர்மிட்டில்தான் இருக்கிறாய், அவன் வேண்டாம் என்றால் உன் நிலைமை என்ன என்று யோசித்துப் பார். கோபம் வந்தால் வெளியே இறங்கி நட. அங்கே உனக்கு ஒருத்தி பழக்கமாகியிருப்பதாகக் காதில் விழுந்தது. அவளுக்கு ஒன்று நேர்ந்தாலும் நான் எழுதிக் கொடுப்பேன்.

நீ என் பிள்ளை இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்லியிருந்தால் எழுதுவது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஆண்டவர் உன் கையைக் கட்டி, உன் மனதைத் திறக்கட்டும், மாதா உனக்குத் துணையிருக்கட்டும். பாஸ்காவுக்கு முன்னால் மறக்காமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போ. நான் எழுதிக் கொடுத்ததன் நகலை இதோடு வைத்திருக்கிறேன், முழுவதும் படி. நடக்காதது ஒரு வரி இருந்தாலும் சொல், நானே போய் நீக்கிவிட்டு வருகிறேன். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பதிலை எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது.

உன் அம்மா,
மர்கரீத்