டீச்சர் வீட்டில் கேட்காமல் எடுத்த வீடியோ

அம்மு,

சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. சாவி செருப்பு அலமாரிக்கு மேலே.

நேற்று உன்னிடம் வீராப்பாகப் பேசிவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. டீச்சர் வீட்டு சிங்க்குக்குக் கீழே குழாய் விரிசலை வீடியோ எடுத்தது வேலைக்காகத்தான். ஆனால் அவரைக் கேட்காமல் எடுத்தேன். பெயர் ஒட்டிய அவருடைய மாத்திரை டப்பாவும் அதில் விழுந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் பிளம்பர்கள் குரூப்பில் போட்டேன் பார், அதுதான் புத்தி கெட்ட வேலை.

காலையில் நானே டீச்சருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "நான் மாத்திரை சாப்பிடுறது என் பிள்ளைங்களுக்கே தெரியாதுப்பா" என்றார்.

குரூப்பிலிருந்து எடுத்தாயிற்று. யாரும் வேறெங்கும் அனுப்பவில்லை, ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டேன். என் போனில் இருப்பதை மட்டும் அழிக்கவில்லை. நான் கை வைப்பதற்கு முன்பே விரிசல் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அவரும், "வெச்சுக்கங்க, ஆனா வேற யாருக்கும் காட்டாதீங்க. வேலையையும் நீங்களே வந்து முடிங்க" என்றார்.

நீ எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதத்தோடு அங்கேதான் போகிறேன். இனி எந்த வீட்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகுதான் போனை வெளியே எடுப்பேன். கோபம் மிச்சமிருந்தால் வந்ததும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

உன் குழாய்க்காரன்

பி.கு.: மூன்று மணிக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் வருவார். வீடியோ எடுக்கலாமா என்று கேட்டால் சரி சொல், மெஷினை மட்டும். பின்னால் கொடியில் தொங்கும் என் ஓட்டை பனியனை முதலில் எடுத்துவிடு.